பின் சக்கரச் சேறு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக் குடித்தனம் நடத்துகிறது, சொன்னபேச்சுக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் எடுத்த உடனே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் "நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா" என்றே முடித்துவிடுகிறாய். தாளில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒரு பக்கமாவது நிரப்பியாக வேண்டும்.

ஒரு செய்தி இருக்கிறது. பள்ளிக்கூடப் பையும் மடிக்கணினிப் பையும் தைத்துக்கொண்டிருந்த எங்கள் பட்டறை, மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பை தைக்கப்போகிறது. முதலாளியம்மா என் மேஜைக்கு வந்து நின்றார். "உங்க அக்கா மலையில சைக்கிளை வச்சுத்தானே பொழைக்கிறாங்க? அவங்ககிட்டயே கேட்டுரு. நமக்கெல்லாம் மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்குது" என்றார்.

ஏற்பாடு இதுதான். மாதிரிப் பையை நான் தைத்து அனுப்புவேன். நீ மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்து, குறையை எழுதி, பையைத் திருப்பி அனுப்ப வேண்டும். பை சரியாகிவிட்டது என்று நீ எழுதிவிட்டால், அது பாதையில் எப்படி நிற்கிறது என்று நேரில் பார்த்துவர என்னை மலைக்கு அனுப்புவார்கள். இதைக் கேட்டபோது தைத்துக்கொண்டிருந்த ஜிப்பை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டேன். பிரிக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தேனாம், பக்கத்து மெஷின்காரி சொன்னாள். நீ போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அம்மா எழுதச் சொன்னது: "இங்க ஒரு வாளித் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு வலின்னு உக்காருவா. அங்க போயி மூட்டை கட்டிக்கிட்டு மலை ஏறுறாளாக்கும்."

எழுதிவிட்டேன். பதில் போடு.

உன்
ஊசி

பிப்ரவரி 19

ஊசிக்கு,

நலம். காலையில் ஒரு கூட்டத்தை மேலே கூட்டிக்கொண்டு போவதும், மாலைக்குள் கைகால் குறையாமல் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுமாகப் போகிறது என் பிழைப்பு. கூட வழிகாட்டியாக இருக்கிற நெட்டை உனக்கு வணக்கம் சொல்கிறான். "பை தைக்கிற தங்கச்சியா? என் உயரத்துக்கு ஒன்னு தைக்கச் சொல்லுங்க. கடையில வாங்குறதெல்லாம் எனக்குக் கழுத்துப்பட்டை மாதிரி தொங்குது" என்கிறான்.

பை விஷயத்தில் நான் கற்றது கொஞ்சம்தான், ஆனால் விழுந்து கற்றது. உடம்பில் எவ்வளவு குறைவாகச் சுமக்கிறாயோ அவ்வளவு நல்லது. சிறிய சுற்றுக்கு இடுப்புப்பை போதும்: ஒரு பாட்டில், ஒரு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்பு. ஸ்பேனர் போன்ற இரும்பையெல்லாம் சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்தில் பட்டை போட்டுக் கட்டிவிடலாம். நாள் முழுக்கப் போவதென்றால்தான் முதுகுப்பை; அதிலே குழாய் வைத்த தண்ணீர்ப்பை, மழைச்சட்டை, மருந்துப் பொட்டலம். கனமெல்லாம் கீழே, முதுகெலும்பை ஒட்டி இருக்க வேண்டும். மேலே கனம் வைத்தால் இறக்கத்தில் பை பிடரியில் ஏறிக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிற மாமா மாதிரி உன்னை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பெரிய பை தைக்காதே. பை பெரிதாக இருந்தால் மனிதர்கள் அதை நிரப்பப் பொருள் தேடுவார்கள். போன மாதம் ஒருவர் இஸ்திரிப்பெட்டியோடு வந்துவிட்டார். "மேல போயி யாருக்கு சார் சட்டை தேய்க்கணும்?" என்று கேட்டான் நெட்டை. அவர் கோபித்துக்கொண்டார். ஆனால் இறங்கும்போது அந்தப் பெட்டியை நெட்டைதான் சுமந்தான்.

சீக்கிரம் தைத்து அனுப்பு. சீக்கிரம் வா. மேலே போன பிறகு பேச ஆளில்லாமல் திரும்பி வருகிற நாட்கள் உண்டு. அப்போதெல்லாம், நீ கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று நானே கேட்டுக்கொண்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டு வருகிறேன். நெட்டை பயப்படுகிறான்.

அம்மாவுக்கு: இங்கே வாளி கிடையாது, குழாய்தான்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

முதல் பை இத்துடன் வருகிறது. உன் முதுகின் நீளம் தெரியாமல் திகைத்து, நீ விட்டுப்போன நீலச் சட்டையை மேஜைமேல் விரித்து அளந்தேன். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை. சட்டையை மறுபடி மடித்து வைக்க மனம் வரவில்லை; அன்று முழுவதும் மேஜையிலேயே கிடந்தது. முதலாளியம்மா, "இது என்ன புது டிசைனா?" என்றார்.

சேறு பட்டால் கழுவாதே, துடைக்காதே. எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு. கழுவிய பையில் எனக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

உன்
ஊசி

ஏப்ரல் 2

ஊசிக்கு,

நலம். உன் பையும் நானும் பத்துப் பதினைந்து தரம் மேலே போய்வந்துவிட்டோம். கூட்டம் இல்லாத நாளில்கூட அதை மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

குறை சொல்கிறேன், அழாதே. வளைவில் பை என்னைவிடக் கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது. இடுப்புப் பட்டை இன்னும் கீழே வர வேண்டும். குழாயின் நுனி குதிக்கிற இடத்திலெல்லாம் தாடையில் தட்டுகிறது. அதைப் பிடித்துக்கொள்ள நெஞ்சுப் பட்டையில் ஒரு கவ்வி வை. பக்கிளைக் கையுறையோடு திறக்க முடியவில்லை. பம்பு வைக்கிற உறை, உள்ளே போன பம்பை வெளியே வரவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. சக்கரம் சப்பையாகிப்போன ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, பல்லால் இழுத்து எடுத்தேன்.

மற்றபடி நல்ல பை. இறக்கத்தில் முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. தள்ளுகிற கை இல்லை, சும்மா வைத்த கை.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பை வந்தது. மேஜைமேல் கிடத்திவைத்துப் பட்டறையே கூடிப் பார்த்தோம்.

எனக்கு இப்போது நீ ஓட்டுவது தெரியும். பின் சக்கரம் வாரியடித்த சேறு, அடியிலிருந்து நடுமுதுகு வழியாக மேலே ஒரே கோடாக ஏறியிருந்தது; அடியில் பெரிய திட்டு, போகப் போகப் பொட்டு. ஓரங்களில் ஒரு துளி இல்லை. தோள்பட்டைகளில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, வலது தோளில் கொஞ்சம் அதிகம். நீ வலப்பக்கம் சாய்ந்து ஏறுகிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான். கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது தெரியும்.

நீ சொன்ன குறைகளையெல்லாம் சரிசெய்து புதிய பை அனுப்புகிறேன். இது சரி என்று எழுதிவிடு, அக்கா. ஜூன் மாதம் வருகிறேன். துணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா: "போறவ சும்மா போகாம அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்துப் பாரு." நான் அம்மாவிடம் சரியென்றேன். எடுக்கமாட்டேன்.

உன்
ஊசி

ஜூன் 11

அக்காவுக்கு,

நலமா? என் கடிதமும் பையும் வந்து சேர்ந்தனவா என்று தெரியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. "மேலே சிக்னல் இல்லை, எழுது" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, "சிக்னல் இல்லாமலா இது வந்துச்சு?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கேரியரில் உட்கார்ந்ததைப் பற்றி எழுதியதா?

இரண்டு வரி போதும்.

ஊசி

ஜூலை 3

ஊசிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. நீ ஒன்றும் தப்பாக எழுதவில்லை.

பை சரியில்லை. தோளில் அழுத்துகிறது. தண்ணீர்ப்பையை மேல்பக்கம் மாற்றிப் பார். பின்னால் இன்னொரு அறை வைத்துக் கொஞ்சம் பெரிதாகவும் தைக்கலாம். இதையெல்லாம் மாற்றி அனுப்பினால் மறுபடி ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

இப்போது வர வேண்டாம். மழை. பாதையை அடைத்துவிட்டார்கள். மழை விட்ட பிறகு பார்க்கலாம்.

நெட்டை கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ இப்போதும் எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாயா? நீண்ட கடிதமாக எழுது.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். வீடே அதன் வாசனைதான். நானும் நலம். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பை வந்தது. முதலாளியம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாரு, எப்படிப் பொரட்டி எடுத்திருக்காங்க. இதுதான் ஓட்டுறது" என்று எல்லோரிடமும் காட்டினார். நான் பையை வாங்கி என் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா, இந்தப் பையில் சேறு எல்லா இடத்திலும் இருக்கிறது. ஓரத்தில், பாக்கெட்டின் மூடியில், ஜிப்பின் வாயில், நடுவில் எவ்வளவோ அவ்வளவே விளிம்பிலும். இடப்பக்கம் கீழே நான்கு கோடுகள் சேர்ந்தாற்போல் இறங்கியிருக்கின்றன. பின் சக்கரத்துக்கு விரல் கிடையாது.

தோள்பட்டையில் உப்பு இல்லை. மோந்து பார்த்தேன். புதுத்துணி வாசனைதான் வந்தது.

நீ சொன்ன மாற்றங்களைச் செய்யப்போவதில்லை. கனத்தை மேலே வைக்காதே என்று சொன்னவள் நீதான். பெரிய பை தைக்காதே என்றவளும் நீதான். முதலாளியம்மாவிடம், அந்தக் குறைகளை இன்னொருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும், அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இறக்கத்தில் யாரோ ஒருத்தி இந்தப் பையை நம்பி மாட்டிக்கொள்வாள்.

நான் கோபமாக இல்லை. ஒன்றும் கேட்கவும் போவதில்லை. உனக்கு யார் சமைக்கிறார்கள் என்பதை மட்டும் எழுது.

உன்
ஊசி

ஆகஸ்ட் 17

ஊசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, எழுந்துவிட்டேன். நெட்டைதான் சமைக்கிறான். உப்பு போடுவதில் அவனுக்கு ஒரு கொள்கையும் இல்லை.

மே மாதம் விழுந்தேன். பாதை நன்றாக இருந்தது, வெயில் நன்றாக இருந்தது, ஹெல்மெட் போட்டிருந்தேன், உன் பையைத்தான் இன்னும் மாட்டவில்லை; மறுநாள் புதுசாக மாட்டிக்கொண்டு போகலாம் என்று கொக்கியில் தொங்கவிட்டிருந்தேன். எத்தனையோ தரம் தாண்டிய வேர்தான் அது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. தலைக்குள் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் அடி என்கிறார் டாக்டர். எழுந்து நின்றால் தரை சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டால் நடக்கலாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று அவர் சொன்னபோது குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. அதனால்தான் புரிந்தது.

இப்போது பழுதுபார்க்கும் கொட்டகையில் உட்கார்ந்து சக்கரங்களுக்குக் கோட்டம் எடுக்கிறேன். சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிச் சுற்றிவிட்டு, எங்கே இழுக்கிறது என்று பார்த்து, கம்பியை முறுக்கி நேராக்குவது. என் தலைக்குள் சாய்கிற உலகத்தில் அது ஒன்றுதான் நேராகச் சுற்றுகிறது. காலையில் கூட்டம் மேலே போவது கேட்கும். மாலையில் இறங்கி வருவது கேட்கும். இறங்கும்போது எல்லோருமே சத்தமாகச் சிரிக்கிறார்கள், ஊசி. மேலே இருந்தபோது நானும் அப்படித்தான் சிரித்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

சேற்றைக் குழைத்து நான்தான் பூசினேன். நெட்டை பார்த்துவிட்டு, "என்னக்கா, சுவத்துக்குப் பூச்சு வேலையா?" என்றான். பை சரி என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். சரியில்லை என்று எழுதினால் இன்னொரு பை வரும், அதற்குள் ஒரு கடிதம் வரும். வேறொன்றும் யோசிக்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு இறங்கப்போகிறவளை யோசித்திருக்க வேண்டும். நீ யோசித்தாய்.

வராதே. வந்தால் என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வராது, கூட்டிக்கொண்டு போய்விடுவாய். நானும் வந்துவிடுவேன், எனக்கு இப்போது அவ்வளவு பலம் இல்லை. மலையைவிட்டு ஒருதரம் இறங்கிவிட்டால் மறுபடி என்னை யார் ஏற்றுவார்கள்? அம்மாவிடம் சொல்லாதே.

நீ கேரியரில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாயே, அந்தப் பிடியை நினைத்துக்கொண்டுதான் சில நாள் சுவரை விட்டு நாலடி நடந்து பார்க்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சொல்லாதே என்று எழுதியிருந்த வரியையும் சேர்த்துப் படித்தேன். திட்டு. நேரில் திட்டு.

அம்மா அழவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த முழங்காலிலேயே கையை வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கமா விழுந்தாளாம்?" என்று கேட்டாள். நீ எழுதவில்லை என்றேன். "கேட்டு எழுது" என்றாள்.

"அவளைக் கூட்டிட்டு வந்துரலாமா, அம்மா?" என்று நான்தான் கேட்டேன். நீ பயந்த ஆள் நான்தான், அக்கா. நீ பயந்தது சரிதான்.

"கூட்டிட்டு வந்து? இந்தக் கூடத்துல உக்கார வச்சு என் முழங்காலைப் பாக்கச் சொல்லவா?" என்றாள் அம்மா. "அவ எங்க இருக்கணும்னு அவளுக்குத் தெரியும். நம்ம போயிப் பாத்துட்டு வருவோம். நாலு நாள் சமைச்சுப் போடுறேன். அந்தப் பையன் உப்பை அள்ளிப் போட்டே கொன்னுருவான்."

மலைக்கு அம்மா எப்படி ஏறுவாள் என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்பதுபோல் பார்த்தாள். "நீ எதுக்குப் பை தைக்கிற? எனக்கு ஒன்னு தை. கையில தூக்கிட்டு ஏற முடியாது. ரெண்டு கையும் சும்மா இருக்கணும். ஒன்னு கம்பியைப் புடிக்க, ஒன்னு அவளைப் புடிக்க."

தைத்துவிட்டேன். அம்மா அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து பழகுகிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா, "எங்க, பள்ளிக்கூடமா?" என்று கேட்டதற்கு, "ஆமா, பெரிய பள்ளிக்கூடம், மேல இருக்கு" என்று பதில் சொன்னாள்.

பட்டறைப் பை நெட்டைக்குத் தனியாக வருகிறது. அவன் ஓட்டி, அவனே எழுதட்டும். நான் வேலையாக வரவில்லை, லீவு போட்டுவிட்டு வருகிறேன். இருபதாம் தேதி மதிய பஸ். வேண்டாம் என்று நீ எழுதினால் வரமாட்டோம். ஆனால் எழுது. பதில் போடாமல் இருந்துவிடாதே. அதை மட்டும் இனிமேல் என்னால் தாங்க முடியாது.

உன்
ஊசி

செப்டம்பர் 14

ஊசிக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்ட கையை இந்தமுறை நிறுத்திவைக்கிறேன்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொட்டகை வரை ஏற்றம். இடையில் ஒரு திருப்பத்தில் மட்டும் கைப்பிடிக் கம்பி இல்லை. அங்கே அம்மாவை உள்பக்கமாக விட்டு நீ வெளிப்பக்கம் வா. நெட்டை கீழே வந்து நிற்பான், அவனை நம்பி அம்மாவைக் கொடுக்கலாம், பையைக் கொடுக்கலாம், சமையலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

நான் கொட்டகை வாசலில் இருப்பேன். உட்கார்ந்திருக்கமாட்டேன், நிற்பேன். உங்களைப் பார்த்ததும் ஓடிவரவில்லையே என்று அம்மா நினைக்க வேண்டாம்.

அம்மா கேட்டதற்குப் பதில்: இடப்பக்கமாக விழுந்தேன். அந்தக் காது இப்போது கேட்பதில்லை. போனை எடுக்காததும் அதனால்தான். மற்றக் காதில் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்பதாலும்தான். வந்ததும் என் வலப்பக்கம் நின்று கூப்பிடச் சொல். அவள் கூப்பிட்டு நான் திரும்பாமல் இருந்துவிடக் கூடாது.

அக்கா